எஞ்சின் எண்ணெயில் நானோ: அறிவியலும் அங்காடியும்

அண்மையில் என் பழைய காருக்கு எஞ்சின் எண்ணெய் மாற்றுவதற்காக வழக்கமான பணிமனைக்குச் சென்றிருந்தேன். எனக்கு முன்னால் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் நின்றிருந்தார். எண்ணெய் மாற்றிய பிறகு, மெக்கானிக் அவரிடம் சிறிய புட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். நானோ துகள்கள் கலந்த திரவம்; எஞ்சின் எண்ணெயுடன் ஊற்றினால் உராய்வு குறையும், தேய்மானம் நிற்கும், எரிபொருள் மிச்சமாகும் என்றார். விலை ரூ.400. சட்டைப் பையிலிருந்த நோட்டுகளை எண்ணத் தொடங்கிய ஓட்டுநர், சட்டென்று என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. இது நெசமாவே மைலேஜ் குடுக்குமா?”

பல்லாண்டுகள் கல்லூரியில் பொருளியல் கற்பித்த எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன். அவர் சற்றுத் தயங்கினார். பிறகு புட்டியை வாங்கிக்கொண்டு போனார். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

உராய்வு என்பது பள்ளிப் பாடத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. அது நாடுகளின் வரவு செலவைத் தொடுவது. 1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு ஓர் அறிக்கை அளித்தது. மசகிடுதலைச் சீர்செய்தால் பிரிட்டிஷ் தொழில்துறை ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று அக்குழு கணக்கிட்டது. உராய்வு, தேய்மானம், மசகு ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆராயும் துறைக்கு ‘டிரைபாலஜி’ என்ற பெயர் நிலைபெற்றதும் அந்த அறிக்கையால்தான். தமிழில் அதனை உராய்வியல் எனலாம். அரை நூற்றாண்டு கழித்து, 2017-இல் ஹோல்ம்பெர்க், எர்டெமிர் என்னும் இரு ஆய்வாளர்கள் உலக அளவில் ஒரு மதிப்பீடு செய்தனர். உலகம் செலவிடும் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 23 விழுக்காடு, ஒன்றோடொன்று உரசும் பரப்புகளில் செலவாகிறது. இதில் 20 விழுக்காடு உராய்வை வெல்வதற்கும், 3 விழுக்காடு தேய்ந்த உறுப்புகளை மீண்டும் உருவாக்குவதற்கும் போகிறது.

கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் இந்தியாவுக்கு இந்த எண்கள் பிற நாடுகளைவிடக் கூடுதல் பொருளுடையவை. ஆகவே, உராய்வைக் குறைக்க முயலும் எந்த ஆய்வையும் நாம் வரவேற்கத்தான் வேண்டும். ஆனால் ஆய்வகத்தில் மெய்யாக இருப்பது புட்டியிலும் மெய்யாக இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

முதலில் எஞ்சினுக்குள் எண்ணெய் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கண்ணாடிபோல் மெருகிட்ட உலோகப் பரப்பும் நுண்ணோக்கியில் மலையும் பள்ளத்தாக்குமாகவே தெரியும். இரு பரப்புகள் உரசும்போது அந்த மேடுகள் ஒன்றையொன்று முட்டி, ஒட்டி, உடைகின்றன. இதுதான் தேய்மானம். இடையே எண்ணெய் புகுந்து, மேடுகளின் உயரத்தைவிடத் தடிமனான படலத்தை உருவாக்கினால் உலோகம் உலோகத்தைத் தொடாது. வேகமாகச் சுழலும் தண்டு தானே எண்ணெயை இழுத்துத் தனக்கு ஒரு மெத்தை அமைத்துக்கொள்ளும் என்பதை 1883-இல் பொசம்ப் டவர் ஆய்வில் கண்டார். 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதைக் கணிதத்தில் விளக்கினார்.

ஆனால் எஞ்சினின் எல்லா இடங்களிலும், எல்லா நேரங்களிலும் இந்த மெத்தை அமைவதில்லை. பிஸ்டன் மேலே சென்று நின்று திரும்பும் நொடியில் வேகம் சுழியாகிறது, படலம் மெலிகிறது. வால்வுகளைத் திறக்கும் கேம் முனைகளில் அழுத்தம் மிகுதி. வண்டியைக் கிளப்பும் கணத்தில் எண்ணெய் இன்னும் மேலே ஏறியிருக்காது. இந்த இடங்களில் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. இங்கேதான் எண்ணெயில் கலந்துள்ள வேதிப்பொருள்கள் கைகொடுக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது துத்தநாகமும் பாஸ்பரசும் கந்தகமும் அடங்கிய ஒரு சேர்மம். 1940-கள் முதல் பயன்பாட்டில் உள்ளது. வெப்பமும் அழுத்தமும் சேரும் இடத்தில் அது சிதைந்து, உலோகத்தின் மேல் ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமனுள்ள காப்புப் படலமாக உறைகிறது. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு; நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். அப்படியானால், எந்தச் சிறப்புப் புட்டியும் ஊற்றாத சாதாரண எஞ்சின் எண்ணெயே நானோ அளவிலான காப்பை ஏற்கெனவே அளித்துக்கொண்டிருக்கிறது. இதை விற்பவர் யாரும் சொல்வதில்லை.

அப்படியிருக்க, நானோ துகள்களைத் தேடி அறிவியலாளர்கள் ஏன் போனார்கள்? காரணங்கள் இரண்டு. முதலாவது, எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ் மெல்ல ஆவியாகிப் புகைபோக்கியிலுள்ள வினையூக்கி மாற்றியைக் கெடுக்கிறது. எனவே 2004-இல் வெளிவந்த சர்வதேசத் தரநிலை ஒன்று, கார் எண்ணெயில் பாஸ்பரசின் அளவை 0.08 விழுக்காட்டுக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தியது. அதன் பணியைச் செய்ய வேறொன்று தேவைப்பட்டது. இரண்டாவது, எரிபொருளைச் சேமிக்க எண்ணெய்களை வரவர நீர்த்ததாகத் தயாரிக்கிறார்கள். நீர்த்த எண்ணெயைப் பிசைந்து தள்ள எஞ்சின் செலவிடும் ஆற்றல் குறைவு. ஆனால் படலம் மெலிவதால் உலோகம் தொடும் இடங்கள் கூடுகின்றன. அந்த இடங்களைக் காக்கப் புதிய பொருள் வேண்டும்.

இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரெஷெஃப் டென்னேயும் உடன் பணியாற்றியவர்களும் 1992-இல் டங்ஸ்டன் டை சல்பைடு என்ற பொருளை வெங்காயம்போல் அடுக்கடுக்கான உள்ளீடற்ற நுண்கோளங்களாக உருவாக்க முடியும் என்று காட்டினர். 1997-இல் அவை மசகுப் பொருளாகப் பயன்படக்கூடும் என்ற ஆய்வு வெளியானது. பிறகு மாலிப்டினம் டை சல்பைடு, கிராஃபீன், நுண்வைரம், தாமிர ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு என ஆய்வுகள் பெருகின.

இத்துகள்கள் நான்கு வழிகளில் உதவுவதாக ஆய்வாளர்கள் கூறுகின்றனர். உருண்டைத் துகள்கள் இரு பரப்புகளுக்கிடையே பால்ரஸ் குண்டுகளைப்போல் உருளலாம். பள்ளங்களில் போய் அடைந்து பரப்பைச் சமன்செய்யலாம். மேடுகளை மெல்லத் தேய்த்து மெருகூட்டலாம். அழுத்தத்தில் நசுங்கி, தாள் தாளாகப் பிரிந்து, உலோகத்தின் மேல் வழுக்கும் படலமாக ஒட்டிக்கொள்ளலாம். விளம்பரங்கள் பெரிதும் காட்டுவது முதல் வழியை. ஆனால் அடுக்கமைப்புள்ள துகள்களைப் பொறுத்தவரை, கடுமையான அழுத்தத்தில் முதன்மையாகச் செயல்படுவது கடைசி வழியே. வெங்காயம் உருண்டு உதவுவதைவிட உரிந்து உதவுவதே மிகுதி.

நம் ஊர்களில் மாட்டு வண்டியின் அச்சுக்கு வைக்கோலைக் கரித்து, அந்தக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மை போடுவார்கள். எண்ணெயோடு நுண்ணிய கரித்துகள் சேர்ந்தால் அச்சு நன்றாக ஓடும் என்பது பட்டறிவு. அந்தக் காலத்திலேயே நமக்கு நானோ தெரியும் என்று இதைக்கொண்டு மார்தட்டுவதற்கில்லை. எண்ணெயில் திண்மத் துகளைக் கலப்பது என்ற கருத்து பழையது. துகளின் அளவையும் வடிவத்தையும் வேதியியலையும் கட்டுப்படுத்துவதே புதியது. வண்டிக்காரருக்கு ஒரு வசதி இருந்தது. மை தீர்ந்தால் அச்சு கிறீச்சிட்டுச் சொல்லிவிடும். எஞ்சின் அப்படிச் சொல்வதில்லை.

ஆய்வகத்திலிருந்து எஞ்சினுக்கு வரும் வழியில்தான் இடர்கள் தொடங்குகின்றன. முதல் இடர், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வது. அளவு சிறுக்கச் சிறுக்கப் பரப்பு பெருகும். பரப்பு பெருகினால் ஒட்டும் இயல்பும் பெருகும். திரண்ட துகள்கள் எண்ணெய்த் தொட்டியின் அடியில் படியலாம், வடிகட்டியை அடைக்கலாம், உராய்வைக் குறைப்பதற்கு மாறாக உப்புத்தாளாகவே செயல்படலாம். கடை அலமாரியில் நாட்கணக்கில் நின்ற புட்டியின் அடியில் மண்டி தெரிந்தால் அதன் பொருள் இதுதான்.

இரண்டாவது இடர், போட்டி. எஞ்சின் எண்ணெயில் துப்புரவுப் பொருள், கசடு பிரிக்கும் பொருள், துருத் தடுப்பி, தேய்மானத் தடுப்பி எனப் பல ஏற்கெனவே உள்ளன. எல்லாமே உலோகப் பரப்பில் இடம்பிடிக்க முயல்பவை. புதிதாக வரும் நானோ துகள் அவற்றோடு போட்டியிட்டுத் தோற்கலாம். வென்று, பழைய காப்பைக் கெடுக்கவும் செய்யலாம். நானோ துகள் ஆய்வுகளில் பல, எந்தச் சேர்க்கையும் இல்லாத வெறும் அடிப்படை எண்ணெயில் செய்யப்பட்டவை. அங்கே எதைக் கலந்தாலும் முன்னேற்றம் தெரியும். பட்டினி கிடப்பவருக்கு ஒரு கவளம் சோறு காட்டும் வேறுபாட்டை, வயிறு நிறைந்தவரிடம் எதிர்பார்க்க இயலாது.

மூன்றாவது, அளவு. மிகக் குறைந்த விகிதத்திலேயே இவை பயன் தருகின்றன. ஓர் எல்லைக்கு மேல் போனால் தேய்மானம் கூடுவதை ஆய்வுகளே காட்டியுள்ளன. ஆனால் தொட்டியில் எவ்வளவு எண்ணெய் உள்ளது என்று பாராமல் எல்லா வண்டிக்கும் ஒரே புட்டி விற்கப்படுகிறது.

நான்காவது, நம் சாலைகளுக்கே உரியது. மோட்டார் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவற்றிலும் பல ஆட்டோக்களிலும் எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் ஒரே எண்ணெய்தான். கிளட்ச் என்பது உராய்வால் மட்டுமே வேலை செய்யும் உறுப்பு. எண்ணெயை அளவுக்கு மீறி வழுவழுப்பாக்கினால் கிளட்ச் வழுக்கும். ஆற்றல் சக்கரத்துக்குப் போகாமல் வெப்பமாக வீணாகும். இதற்காகவே இருசக்கர வண்டி எண்ணெய்களுக்கு ஜப்பானிய ‘ஜாசோ எம்.ஏ.’ தரநிலை உள்ளது. காருக்கென்று செய்த சேர்க்கைப்பொருளை மோட்டார் சைக்கிளில் ஊற்றுவது, எரிபொருளை மிச்சப்படுத்தப் போய் இழப்பதில் முடியலாம்.

இனி என் துறைக்கு வருகிறேன். உராய்வு பாதியாகும் என்று விளம்பரம் சொன்னால், எரிபொருள் செலவும் அதற்கேற்பக் குறையும் என்று மனம் தானாகக் கணக்கிட்டுவிடுகிறது. அந்தக் கணக்கு தவறு. ஹோல்ம்பெர்க் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சராசரிக் கார் ஒன்றில் எரிபொருளின் ஆற்றலை 100 எனக் கொண்டால் 62 பங்கு புகையாகவும் வெப்பமாகவும் வெளியேறுகிறது. எஞ்சிய 38 பங்குதான் இயக்க ஆற்றல். அதில் 5 பங்கு காற்றின் தடையை வெல்லப் போகிறது. 33 பங்கு உராய்வுக்குப் போகிறது. அந்த 33-லும் டயர், பிரேக், கியர் ஆகியவை போக, எஞ்சினுக்குள் செலவாவது 11.5 பங்கு மட்டுமே.

இந்த 11.5 பங்கிலும் பெரும்பகுதி எண்ணெயைப் பிசைவதற்கே செலவாகிறது. அங்கே உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. நானோ துகளுக்கும் வேலையில்லை. உலோகத் தொடுகை நான்கில் ஒரு பங்கு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், ஏறத்தாழ 2.9 பங்கு. துகள்கள் அதில் 30 விழுக்காட்டைக் குறைப்பதாகவும் கொள்வோம், 0.9 பங்கு மிச்சம். இயக்க ஆற்றலான 38-இல் 0.9 குறைந்தால் எரிபொருளில் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல் மிச்சமாகும். எல்லாம் நினைத்தபடி நடந்தால் கிடைப்பது இவ்வளவுதான். நல்ல எண்ணெயில் உராய்வு குறைக்கும் பொருள் ஏற்கெனவே இருந்தால், இதுவும் குறையும்.

ஆட்டோ ஓட்டுநரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கார் பற்றிய விகிதங்கள் ஆட்டோவுக்கு அப்படியே பொருந்தா. ஆயினும் 2 விழுக்காட்டையே கொள்வோம். அவர் நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர், ஆண்டில் 300 நாள் ஓட்டுகிறார். லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கிடைக்கிறது. பெட்ரோல் விலை ரூ.100 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,000 லிட்டர், ரூ.1 லட்சம் செலவு. 2 விழுக்காடு மிச்சமானால் ரூ.2,000. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் ஆண்டுக்கு 6 புட்டிகள், ரூ.400 வீதம் ரூ.2,400. அறிவியல் முழுதும் கைகொடுத்தாலும் அவருக்கு ஆண்டுக்கு ரூ.400 நட்டம். கைகொடுக்காவிட்டால் ரூ.2,400 நட்டம்.

இந்த நட்டத்தை அவரால் ஒருபோதும் கண்டறிய முடியாது என்பதே இதன் மையச் சிக்கல். போக்குவரத்து நெரிசல், பயணிகளின் எடை, மழை, டயர் காற்று ஆகியவற்றால் எரிபொருள் செலவு நாளுக்கு நாள் பல விழுக்காடு ஏறி இறங்கும். அந்த இரைச்சலுக்கு நடுவே 2 விழுக்காடு காதில் விழாது. நல்ல பொருளையும் போலியையும் வாங்குபவர் பிரித்தறிய முடியாத சந்தையில், போலி நல்லதை விரட்டிவிடும் என்று 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார்களின் சந்தையை எடுத்துக்காட்டி விளக்கினார். 2001-இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். உழைத்து நல்ல நானோ எண்ணெய் உருவாக்கும் நிறுவனமும், சாயம் கலந்த எண்ணெயைப் புட்டியில் அடைப்பவரும் ஒரே அலமாரியில் நிற்கிறார்கள். இதில் இழப்பவர் நுகர்வோர் மட்டுமல்லர், நேர்மையான ஆய்வாளரும்தான்.

இது புதிய கதையுமன்று. அமெரிக்காவில் டெஃப்லான் துகள் கலந்த ‘ஸ்லிக் 50’ என்ற எஞ்சின் சேர்க்கைப்பொருள் பெரும் விளம்பரத்தோடு விற்பனையானது. அதன் விளம்பரக் கூற்றுகள் பொய்யானவை, ஆதாரமற்றவை என்று அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1996-இல் குற்றஞ்சாட்டியது. 1997-இல் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. தக்க சான்றின்றி அத்தகைய கூற்றுகளைச் செய்யக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. துகளின் பெயர் மாறியிருக்கிறது; புட்டியின் வாசகங்கள் பெரிதாக மாறவில்லை.

நம்மிடம் சட்டமும் நிறுவனங்களும் இல்லாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனமும், புணேயிலுள்ள தானியங்கி வாகன ஆராய்ச்சிச் சங்கமும் இத்தகைய பொருள்களைச் சோதிக்கும் திறன் பெற்றவை. 2006-இல் தொடங்கிய நட்சத்திரக் குறியீடு, குளிர்பதனப் பெட்டி வாங்கும் எளியவரும் மின்செலவை ஒப்பிட வழிசெய்தது. அதேபோல், எரிபொருள் மிச்சமாகும் என்று கூறும் எந்த எண்ணெய்ப் புட்டியும், தரநிலைக்கு உட்பட்ட முழு எண்ணெயில், முழு எஞ்சினில் சோதித்த எண்ணைத் தன் மேல் அச்சிட வேண்டும் என்று விதிக்கலாம். நான்கு எஃகுக் குண்டுகளை உரசிப் பார்த்த சோதனை அதற்குப் போதாது.

அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் இதில் பங்காற்ற முடியும். தமிழ்நாட்டில் அவை இயக்கும் பேருந்துகள் ஏறத்தாழ 20,000. ஒரு பேருந்து நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 5 கிலோமீட்டர் தருவதாகக் கொண்டால் 80 லிட்டர் டீசல் ஆகிறது. ஒரு விழுக்காடு மிச்சமானாலும் 20,000 பேருந்துகளுக்கு நாளொன்றுக்கு 16,000 லிட்டர். தனி ஒருவருக்கு இரைச்சலில் மறையும் எண், தொகையாகச் சேரும்போது பெரும் செல்வமாகிறது. ஒரே வழித்தடத்தில் ஓடும் பேருந்துகளில் பாதிக்கு மட்டும் நானோ எண்ணெய் ஊற்றி, எதில் ஊற்றியது என்று ஓட்டுநருக்குச் சொல்லாமல், ஆறு மாதத்துக்குப் பிறகு இரு குழுக்களையும் மாற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பாரத் நிலை 6 பேருந்துகளில் புகைக்கரி வடிகட்டியைச் சாம்பல் அடைக்கிறதா என்பதையும், கழிவு எண்ணெயோடு வெளியேறும் உலோகத் துகள்கள் என்னாகின்றன என்பதையும் அதே ஆய்வில் கவனிக்க வேண்டும். முடிவு எதுவாயினும் அதைப் பொதுவெளியில் வைக்க வேண்டும்.

நானோ துகள்களை நான் பழிக்கவில்லை. நீர்த்த எண்ணெய்களின் காலத்தில் அவற்றுக்கு உண்மையான இடம் இருக்கக்கூடும். அந்த இடம், எண்ணெய் தயாரிப்பாளரின் கலவைக்கூடத்தில், மற்றச் சேர்க்கைகளோடு பொருத்திச் சோதித்த பிறகு அமைய வேண்டியது. பணிமனையில் வாய்மொழி உறுதியின்பேரில் ஊற்றப்படுவதன்று. பல வாகன நிறுவனங்களின் கையேடுகளும் தனியே எதையும் கலக்க வேண்டாம் என்றே அறிவுறுத்துகின்றன.

அந்த ஓட்டுநரை மறுபடி அதே பணிமனையில் பார்த்தேன். புட்டி ஊற்றியதில் வேறுபாடு ஏதும் தெரிகிறதா என்று கேட்டேன். “தெரியல சார். ஆனா எடுத்துக்காட்டிச் சொன்னாங்க, நம்பிட்டேன்” என்றார். டயரின் சராசரிக் காற்றழுத்தம் ஓர் அலகு குறைந்தால் எரிபொருள் திறன் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கார்களுக்கான கணக்கு. அதன்படி 10 அலகு குறைந்தால் 2 விழுக்காடு போய்விடும். நானோ புட்டி மிக நன்றாக வேலை செய்தால் தரக்கூடியதும் அதே அளவுதான். வாரம் ஒருமுறை காற்றைப் பாருங்கள், கையேட்டில் சொன்ன தர எண்ணெயைச் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள், அந்த ரூ.400 உங்கள் பையிலேயே இருக்கட்டும் என்றேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை, ஒரு புட்டி தாமதமாகச் சொன்னேன்.